மண்ணானந்தரின் தீர்த்தத் தொட்டி

செவ்வாய்க்கிழமை என்றால் கரிம்பாறைக்குன்றில் பஸ் நிற்காது. நிற்க இடம் இருந்தால்தானே. வயநாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஜீப்புகள் வந்து சாலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு ஜீப்பிலும் விதை இஞ்சி மூட்டை இருக்கும். மூட்டையின் மேல் அதன் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் காணிக்கை இருக்கும். மூளையை மட்டும் வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானாவுக்குப் போகிறவர், கார்த்திகையில் மாலை போட்டு மலையேறுகிறவர், எல்லோரும் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரே வரிசையில் நின்றார்கள். எந்தக் கட்சியாலும் கொண்டுவர முடியாத ஒற்றுமையை இஞ்சியின் வாடல் நோய் கொண்டுவந்துவிட்டது. வரிசையின் தலைமாட்டில் மண்ணானந்த ஸ்வாமிகள் எழுந்தருளியிருந்தார். காவி கட்டமாட்டார். செம்மண்ணில் முக்கி எடுத்த வேட்டிதான். ஸ்வாமிக்கு வயது நாற்பத்தைந்து, தாடிக்கு வயது மூன்று.

அவருடைய புகழ் போன மழைக்காலத்தில்தான் முளைத்தது. ஆடி மழையில் பச்சைப்பசேலென்று நின்ற இஞ்சி, ஆவணியில் இலை சுருண்டு மஞ்சளாகி வெந்த கீரை மாதிரிச் சாய்ந்தது. தண்டைப் பிடித்து இழுத்தால் நாற்றத்தோடு கையில் வந்தது. வீட்டுக்கு வீடு அழுகை. அந்த நேரம் பார்த்து ஸ்வாமி வந்தார். சாய்ந்த தண்டு ஒன்றைச் செப்புக் கத்தியால் அறுத்து, கண்ணாடிக் கிளாஸில் தீர்த்தம் ஊற்றி, தண்டின் அறுத்த முனையை அதில் தொங்கவிட்டார். இரண்டு நிமிஷத்தில் அந்த முனையிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கியது. பால் நூல். நெளிந்து நெளிந்து கிளாஸின் அடிக்குப் போனது.

"பாத்துக்கோ. உனக்கு வேண்டாதவன் உன் மண்ணுல வெச்ச ஏவல், இறங்குது. என் தீர்த்தத்துல மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரியும்" என்றார் ஸ்வாமி.

வேண்டாதவன் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பக்கத்து வேலிக்காரன்தான், வேறு யார்? அந்தப் பக்கத்து வேலிக்காரனும் அதே வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நின்றான். அவன் கிளாஸிலும் வெள்ளை நூல் இறங்கியது. அவனுக்கும் ஒரு பக்கத்து வேலிக்காரன் உண்டல்லவா? ஓணத்துக்குள் கரிம்பாறைக்குன்றில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஸ்வாமியோடு மட்டும் எல்லோரும் பேசினார்கள்.

பரிகாரம் மீன மாசத்தில், அதாவது நம் பங்குனியில் தொடங்கியது. நடுவதற்கு முன்னால் விதை இஞ்சியைத் தீர்த்தத் தொட்டியில் அரை மணி நேரம் முக்கி எடுக்க வேண்டும். தொட்டி என்றால் லாரி டயர் கழுவும் அளவுக்குப் பெரிய சிமென்ட் தொட்டி. மஞ்சளும் துளசியும் மிதக்கும். மூன்று விதிகள் உண்டு. மூட்டைக்கு அரைக் கிலோ சுக்கு காணிக்கை. தொட்டித் தண்ணீரை மாற்றக் கூடாது, மூட்டை முங்க முங்கத்தான் அதற்குச் சக்தி ஏறும். ஊரில் ஒரு வீட்டு விதை முங்காமல் போனாலும் மற்ற யாருக்கும் பலிக்காது. அந்தச் சுக்கெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கிழங்குகூட நடாமல் கொச்சி மட்டாஞ்சேரி மண்டிக்கு லாரி லாரியாகச் சுக்கு அனுப்பிய ஒரே மனிதர் நம் ஸ்வாமிதான்.

ஊரில் விதை முங்காமல் முரண்டு பிடித்த வீடு ஒன்று இருந்தது. பைலியின் வீடு. முரண்டு பிடித்தது பைலி இல்லை, பாவம். அவர் மனைவி ஏலிக்குட்டி.

ஏலிக்குட்டி ஒன்பது வருஷமாக மலையடிவாரத்து இஞ்சி ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலி. அங்கே அவள் வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். வாடின தண்டை அறுப்பாள், கிளாஸில் தொங்கவிடுவாள், வெள்ளை நூல் இறங்கினால் நோட்டில் ஒரு கோடு போடுவாள், பிறகு கிளாஸைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது கிளாஸ். ஸ்வாமியின் அற்புதத்தை முதல்முறை பார்த்துவிட்டுப் பைலி வீட்டுக்கு ஓடிவந்து, கண்ணில் நீர் முட்ட அதை விவரித்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து சோறு அடிப்பிடிக்கும் வரை சிரித்தாள்.

"அச்சாயா, அந்த நூலைக் கழுவிக் கழுவித்தான் என் கை இப்படி வெளிறிக் கிடக்கு. அது கிருமி. தண்டுக்குள்ள கோடிக்கணக்குல அடைச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி பட்டதும் வெளியே வழியுது. அவ்வளவுதான்."

பைலி அசரவில்லை. நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "சரிடீ. உங்க ஆபீஸ்ல அது கிருமி, ஸ்வாமிகிட்ட அது ஏவல். அந்தக் கிருமிக்கு உங்க ஹரிதாஸ் சார் என்ன மருந்து வெச்சிருக்கார்?"

மருந்து இல்லை. அதுதான் உண்மை. நோய் வந்த செடியைப் பிடுங்கி எரி, அந்த மண்ணில் சில வருஷம் இஞ்சி நடாதே, நோயில்லாத விதையைத் தேடி நடு, இதைத்தான் ஹரிதாஸ் சார் சொல்வார். அவர் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் கெட்ட செய்திதான் வரும். அவர் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தின் முதல் வாக்கியம் ஒன்பது வரி நீளம். அதில் பீரானின் டீக்கடையில் பழம்பொரி மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்பதைத் தவிர அந்தக் காகிதத்தைப் பற்றி ஊருக்கு வேறு எதுவும் தெரியாது. ஒருவர் மருந்தே இல்லை என்கிறார், இன்னொருவர் அரைக் கிலோ சுக்கில் தீர்த்துவைக்கிறேன் என்கிறார். நீங்களாக இருந்தால் யாரிடம் போவீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம்.

ஏலிக்குட்டி முரண்டு பிடித்ததற்குக் காரணம் ஆறு மூட்டை விதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹரிதாஸ் சார் அவளிடம் நோயில்லாத புது ரகத்தின் நாற்பது முளைகளைக் கொடுத்து, நிலையத்துக்கு வெளியே ஒரு விவசாயி வீட்டில் அது எப்படி வருகிறது என்று பார்க்கச் சொன்னார். அவள் மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி மீன வெயிலில் ஒரு மாதம் வேகவைத்தாள். அந்த மண்ணைப் பையில் நிரப்பி நட்டாள். அந்தப் பைகளின் பக்கம் போக வேண்டுமென்றால் பைலிகூடக் காலைக் கழுவ வேண்டும். நாற்பது முளை ஒரு கூடையாகி, கூடை ஒரு மூட்டையாகி, இப்போது ஆறு மூட்டை. அவர்களுடைய ஒரு ஏக்கரில் வாடல் நோய் காணாத மேட்டுப் பகுதிக்கு அது போதும். இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லாத வீடு அது. இந்த விதையும் போனால் பைலி குடகுக்குப் போய் யாரோ குத்தகைக்கு எடுத்த இஞ்சிக் காட்டில் கூலிக்கு மண் வெட்ட வேண்டியதுதான். அவருக்கு இருக்கும் மூட்டு வலியில் ஒரு மாதம் தாங்கமாட்டார். இது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசுவதில்லை.

மீன மாசத்தின் முதல் செவ்வாயில் ஊரில் பாதி வீட்டு விதை முங்கியது. டீக்கடைப் பீரானும் தன் மூன்று மூட்டையை முக்கி எடுத்து, சக்தி ஏறிய களிப்பில் அன்று எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். மீதிப் பாதிக்கு மூன்றாம் செவ்வாய் என்று முறை வைத்தார்கள். அதற்குள் பைலியைப் பார்க்கிறவர்களெல்லாம் நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்கள். உன் வீட்டுக்காரியால் ஊரே பட்டினி கிடக்க வேண்டுமா என்றார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்றார்கள். ஸ்வாமியின் செக்ரட்டரி தங்கப்பன் வீட்டுக்கே வந்து, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, ஊர் ஒதுக்கிவைத்தால் மழைக்காலத்தில் பாதை வெட்டக்கூட ஆள் வராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பைலி உடைந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மூட்டையையும் ஜீப்பில் ஏற்றினார்.

ஏலிக்குட்டி வேலை முடிந்து வந்து பார்த்தாள். நேராக ஜீப்பில் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குடீ. ஊர்ல தலை காட்ட முடியல எனக்கு" என்றார் பைலி.

"அந்தத் தொட்டியில என்ன இருக்குன்னு தெரியுமா அச்சாயா? போன வருஷம் சீக்கு வந்த காட்டுக் கிழங்கெல்லாம் அதுல குளிச்சிருக்கு. அந்தத் தண்ணியை இன்னிவரைக்கும் மாத்தல. ஊர்ல இருக்கிற சீக்காளி எல்லாம் குளிச்ச தண்ணியில நீங்க பச்சைப் புள்ளையக் குளிப்பாட்டுவீங்களா?"

"மஞ்சள் போட்டிருக்குடீ."

"மஞ்சள் போட்டா நான் குடிக்கச் சொன்னாக் குடிப்பீங்களா?"

பைலி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் முன்னால் அதை யார் நம்புவார்கள் என்று மட்டும் மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விதான் அவளை இறக்கியது. மூட்டையோடு நாளைக்கு நானும் வருகிறேன், ஆனால் முதலில் நான்தான் பேசுவேன் என்றாள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹரிதாஸ் சாரின் குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள்.

டீக்கடை வாசலில் ஊர் பார்க்க அந்தத் தீர்த்தத்தைச் சோதிக்கப் போகிறேன், பத்து நாற்று வேண்டும் என்றாள். ஹரிதாஸ் சார் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு விஞ்ஞானிக்கே உரிய முறையில் பிரச்சினை செய்தார். நாற்றுப் பண்ணையிலிருந்து பத்து இஞ்சி நாற்று தருவதில் தடையில்லை, ஆனால் பத்து போதாது, முப்பது வேண்டும் என்றார். ஒரே தட்டில் முளைத்ததாக இருக்க வேண்டும், ஒரே மண், ஒரே நிழல், ஒரே அளவு தண்ணீர் என்றார்.

"ரெண்டு பக்கமும் எல்லாம் ஒண்ணா இருக்கணும் ஏலிக்குட்டி. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், தண்ணி. அப்பதான் செத்தது எதனாலன்னு யாரும் சண்டை போட முடியாது."

"இவ்வளவு சுருக்கமா உங்களுக்குப் பேச வருமா சாரே? இதைத்தானே அந்தக் காகிதத்துல எழுதியிருக்கணும்" என்றாள் ஏலிக்குட்டி. முப்பதுக்கு டீக்கடையில் இடமில்லை என்று சொல்லிப் பத்து நாற்றுப் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் நேராக ஸ்வாமியின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். எதிர்க்க வந்திருக்கிறாள் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். குரலில் தேன் ஒழுகியது.

"ஸ்வாமி, எனக்குப் புத்தி கொஞ்சம் மந்தம். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். இதோ பத்து இஞ்சி நாத்து, ஒரே நாள் முளைச்சது. அஞ்சுக்குத் தினமும் உங்க தீர்த்தம் ஊத்துங்க. அஞ்சுக்கு நான் பீரானிக்கா கிணத்துத் தண்ணி ஊத்தறேன். பதினஞ்சு நாள்ல உங்க அஞ்சும் எப்படிக் கொழிக்குதுன்னு ஊர் பாக்கட்டும். அப்புறம் என் ஆறு மூட்டை என்ன, என்னையும் சேத்து முக்குங்க."

செக்ரட்டரி தங்கப்பன் குனிந்து ஸ்வாமியின் காதில் வேண்டாம் என்றார். ஆனால் ஸ்வாமி அதற்குள் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். முப்பது மொபைல்கள் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு என்ன பயம்? மஞ்சளும் துளசியும் கலந்த தண்ணீர்; அதில் செடி கொழிக்காவிட்டாலும் சாகவா போகிறது? சிரித்தார். பதினைந்தாம் நாள் பெரிய விழாவாகவே வைப்போம், இன்றைய முக்கலையும் அன்றைக்கே ஒத்திவைக்கிறேன், பக்கத்து ஊர்க்காரர்களும் மூட்டையோடு வரட்டும் என்று அறிவித்தார். ஊரில் பாதி விதை அன்று தப்பியது ஏலிக்குட்டியின் கெட்டிக்காரத்தனத்தால் பாதி, ஸ்வாமியின் பேராசையால் பாதி.

பத்துப் பைகளும் பீரானின் டீக்கடை வாசலில், ஒரே ஓலைப் பந்தலின் கீழ், மீன் வலை போட்டு மூடிப் பூட்டி வைக்கப்பட்டன. ஸ்வாமியின் ஐந்துக்குச் சிவப்பு நூல், ஏலிக்குட்டியின் ஐந்துக்கு வெறும் சணல். காலையில் தங்கப்பன் வெள்ளிச் செம்பில் தீர்த்தம் கொண்டுவந்து மந்திரம் முணுமுணுத்துப் பைக்கு ஒரு கரண்டி ஊற்றுவார். அதே கரண்டி அளவில் ஏலிக்குட்டி கிணற்றுத் தண்ணீரை மந்திரம் இல்லாமல் ஊற்றிவிட்டு வேலைக்கு ஓடுவாள். சாவி பீரானிடம். அவர் தீர்த்தத்தின் கட்சி என்பதால் இரு தரப்புக்கும் சம்மதம்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தும் பச்சையாக நின்றன. டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். சிவப்பு நூல் நாற்று ஒரு விரல் உயரம் கூடுதல் என்று சிலருக்குத் தெரிந்தது. அளந்து பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டதும் அவரை நாத்திகன் என்றார்கள். ஏலிக்குட்டி இரவில் புரண்டு படுத்தாள். அவள் நம்பியது தவறாக இருந்தால்? தொட்டியில் நினைத்த அளவு கிருமி இல்லாவிட்டால்? சொன்ன வார்த்தைப்படி ஆறு மூட்டையையும் அவளே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

விஷுவுக்கு முந்தின நாள், சிவப்பு நூலில் ஒரு பையின் அடி இலை ஓரம் சுருண்டது. விஷுவன்று இரண்டு. அதற்கு மறுநாள் நாலு. தங்கப்பன் வெயில் அதிகம் என்றார். வெயில் சிவப்பு நூலைப் பார்த்துத்தான் அடிக்குமா என்று பஸ் கண்டக்டர் கேட்டுவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார். பீரான் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தார். ஒரு மணிக்கு ஒரு தடவை வலைக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார்.

பதினைந்தாம் நாள் விழா. பக்கத்து ஊர் ஜீப்புகளெல்லாம் வந்துவிட்டன. பந்தலின் கீழ் சணல் கட்டிய ஐந்தும் நிமிர்ந்து நின்றன. சிவப்பு நூல் கட்டிய ஐந்தும் மஞ்சளாகித் துவண்டு பையின் விளிம்பில் தலை வைத்துக் கிடந்தன. ஸ்வாமி வந்தார். பார்த்தார். ஒரு கணம் தாடியை உருவினார். ஆனால் தொழில் கைவந்தவர், சும்மா சொல்லக் கூடாது.

"என் தீர்த்தத்தோட சக்தியைத் தாங்க முடியாத எதிரி, இந்த அஞ்சுக்கும் ஏவல் வெச்சுட்டான்" என்று கணீரென்று சொன்னார்.

கூட்டம் 'ஆமாம்' என்று தலையாட்டத் தயாரானது. அந்தக் கழுத்துகளுக்குப் பழக்கம் அப்படி. ஏலிக்குட்டி பீரானின் கடையிலிருந்து இரண்டு டீ கிளாஸை எடுத்து, கடைக் குழாயில் தண்ணீர் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி பெஞ்சின் மேல் வைத்தாள். வாடின நாற்று ஒன்றையும் நிமிர்ந்த நாற்று ஒன்றையும் பிடுங்கி, காய்கறிக் கத்தியால் அறுத்துத் தண்டுகளைத் தொங்கவிட்டாள். நிமிர்ந்த நாற்றின் கிளாஸில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மற்றதில் வெள்ளை நூல் இறங்கியது.

"ஏவல் உங்க தீர்த்தத்துல மட்டும்தான் தெரியும்னீங்க ஸ்வாமி. இது குழாய்த் தண்ணி. இதுலயும் தெரியுதே" என்றாள்.

"அந்தக் குழாய்க்கும் என் அருள் உண்டு."

"அப்ப அருள் பஞ்சாயத்து டேங்குல இருந்து வருதா?"

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒரு ஸ்வாமிக்கு அது போதும் ஆட்டம் காண. ஏலிக்குட்டி நிறுத்தவில்லை. தங்கப்பனின் வெள்ளிச் செம்பைச் சுட்டிக் காட்டினாள். பத்து நாற்றும் ஒரே தட்டில் முளைத்தவை, ஒரே பந்தலில் நின்றவை, சாவி உங்கள் பக்தரிடம் இருந்தது. வேறாக இருந்தது ஊற்றிய தண்ணீர் ஒன்றுதான் என்றாள். ஏவல் வைத்தவன் யார் என்று இத்தனை நாள் பக்கத்து வேலியில் தேடினோமே, அது அந்தச் செம்பில்தான் வந்தது என்றாள்.

கூட்டத்தில் நின்ற ஹரிதாஸ் சார் அதுவரை ஸ்வாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க சுகுணன்தானே? உரக்கம்பெனி ஏஜென்ட்? மூணு வருஷம் முன்னாடி எங்க நிலையத்துப் பயிற்சிக்கு வந்தீங்களே."

சுகுணனை எனக்குத் தெரியாது என்றார் ஸ்வாமி. ஹரிதாஸ் சார் விடவில்லை. பயிற்சிப் பதிவேட்டை வரவழைத்துவிடலாம் என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அன்றைக்குக் காலையில் கிளாஸில் தண்டைத் தொங்கவிட்டு நோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தோம். இவர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். மத்தியானம் பிரியாணி போட்டோம். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை, பிற்பகல் கையெழுத்து இல்லை என்றார்.

"மத்தியானத்துக்கு மேல என்ன சாரே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று பைலி கேட்டார். பதினைந்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல கேள்வி.

"நோய் எப்படிப் பரவுதுன்னு. விதையை நனைக்கிற தண்ணியை ஒவ்வொருத்தரும் தனித்தனியா, புதுசு புதுசா கலக்கணும்னு. ஒரே தொட்டியில எல்லாருடைய விதையையும் போட்டா, ஒரு காட்டுச் சீக்கு எல்லாக் காட்டுக்கும் போகும்னு."

ஆக, அந்த மகான் பாதிப் பாடம் படித்து ஞானியானவர். வேஷம் போடத் தேவையான பாதி தெரியும், ஊரைக் கெடுக்காமல் இருக்கத் தேவையான பாதி தெரியாது. தன் தொட்டி விஷம் என்பது அவருக்கே இந்த நிமிஷம்தான் தெரிந்தது. கூட்டம் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது. ஸ்வாமி பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் தன் தீர்த்தத்தையே செம்போடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். தங்கப்பன் அதற்கு முன்பே ஏறியிருந்தார். குவித்துவைத்த சுக்கை மட்டும் அவர்களால் ஏற்ற முடியவில்லை. அதன் மேல் ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகு பீரான் வந்து ஏலிக்குட்டியின் எதிரில் நின்றார். கையில் இன்னும் வலையின் சாவி.

"மோளே, அப்ப நான் முக்கின மூணு மூட்டை?"

ஊரில் பாதிப் பேர் அதே கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

"கறிக்கு ஆகும் இக்கா. வித்துருங்க. விதைக்கு ஆகாது" என்றாள்.

பீரான் தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குள் போனார். அன்று யாருக்கும் டீ போடவில்லை. ஏலிக்குட்டி தன் ஆறு மூட்டையில் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள், அடுத்த வருஷம் ஒன்றரையாகத் திரும்பித் தர வேண்டும் என்ற பேச்சில். பைலியே அதைக் கடை வரை கொண்டுபோய்க் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் மனிதர்களை நம்ப ஆரம்பித்திருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏலிக்குட்டி கதவைத் திறந்தாள். முற்றத்தில் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். கையில் விதை இஞ்சி, மடியில் அரைக் கிலோ சுக்கு. பைலி அதிகாலையிலேயே எழுந்து ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் கிளாஸை வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கையும் ஏற்றிவிட்டிருந்தார். வரிசையாக வாங்க, தள்ளாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது செக்ரட்டரி.

"சேச்சி, நீங்க கையால ஒருதரம் தொட்டுக் கொடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் முன்னால் நின்றவர், கண்ணை மூடிக்கொண்டு.

ஏலிக்குட்டிக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. விளக்கை ஊதி அணைத்தாள். கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என் கையில ஒண்ணுமில்ல. நீங்களே வெட்டி, உங்க வீட்டு கிளாஸ்ல போட்டுப் பாருங்க. வெள்ளை இறங்கினா நடாதீங்க. இறங்கலேன்னாலும் உடனே நம்பிடாதீங்க, ரெண்டு முளையைப் பையில நட்டு மூணு வாரம் பாருங்க. சுக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க." பிறகும் யாரும் நகராததைப் பார்த்து அவள் குரல் உயர்ந்தது. "நேத்து வெச்ச மீன்கறியக்கூட மோந்து பாத்துட்டுத்தானே வாயில வைக்கறீங்க? ஒருத்தன் சொல்ற பேச்சை மட்டும் ஏன் மோந்துகூடப் பாக்காம முழுங்கறீங்க? நாளைக்கு நானே வந்து சொன்னாலும் சரி, முதல்ல மோந்து பாருங்க."